எம்ஜிபி காரின் பேட்டரி: குழியிலேயே இருக்கட்டுமா, டிக்கிக்குப் போகட்டுமா?

1962-ல் அறிமுகமான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், 1974 வரை ஒன்றுக்கு இரண்டாக 6 வோல்ட் பேட்டரிகளை (சேர்ந்து 12 வோல்ட்) தாங்கி வந்தது. இருக்கைகளுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், தரைக்குக் கீழே தொங்கும் இரு குழிகளே அவற்றின் இடம். பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றினால்தான் கை எட்டும். சென்னையின் ஐப்பசி மழையில் தெருத்தண்ணீரும் சேறும் முதலில் தொடுவது இந்தக் குழிகளைத்தான் என்பதால், பேட்டரியை டிக்கிக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றுவது இயல்பே.

பழைய ஜோடியை அப்படியே வைத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசல் அமைப்பை விரும்புபவருக்கு அது நிறைவு தரும். ஆனால் அந்த அளவில் 6 வோல்ட் பேட்டரிக்கு நம் ஊர்க் கடைகளில் அலைய வேண்டியிருக்கும்.

டிக்கியின் நன்மை வெளிப்படையானது: பேட்டரி நனையாது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றக் குனிய வேண்டாம். ஆனால் எம்ஜிபியின் பெட்ரோல் டாங்க் டிக்கித் தரைக்கு நேர் கீழே கட்டப்பட்டிருக்கிறது; அடியில் என்ன இருக்கிறது என்று பாராமல் டிரில் பிடிப்பவர் டாங்கையே துளைத்துவிடக்கூடும். அடுத்தது கேபிள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது, கேபிள் 4 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிளில் அரை வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 50 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது பாதியாகும். தகடுகளைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையமும், பேட்டரிக்கு அருகிலேயே பெரிய பியூஸும் இல்லையென்றால், உராய்ந்து தேய்ந்த கேபிள் பாடியைத் தொடும் அன்று வண்டி தீப்பிடிக்கும். சாதாரண ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும். ஆகவே மூடிய டிக்கிக்குள் வைப்பதென்றால், வாயுவை வெளியே கொண்டுசெல்லும் குழாய் கட்டாயம். ஏஜிஎம் வகை (ஆசிடைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய பேட்டரி) இதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், அதிலும் வாயு வெளியேறும் துவாரத்தை அடைக்கக் கூடாது.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு, ஒரே ஒரு 12 வோல்ட் ஏஜிஎம் பேட்டரியை ஒரு குழியில் இறக்குவதே என் தேர்வு. எம்ஜி நிறுவனமே பின்னாளில் ஒற்றை 12 வோல்ட்டுக்கு மாறியது. எடை அச்சுகளுக்கு நடுவில், தாழ்வாக இருக்கிறது. அசல் கேபிள் பாதையும் மாறுவதில்லை. 1967 வரையிலான வண்டிகளில் பாஸிட்டிவ்தான் எர்த் (அதாவது பாடியோடு இணைக்கப்படும் முனை) என்பதை மட்டும் மறந்துவிடாமல், டெர்மினல்கள் எந்தப் பக்கம் அமைந்திருக்கின்றன என்று பார்த்தே பேட்டரி வாங்க வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. முதல்முறை நான் வாங்கிய பேட்டரி விரலளவு உயரம் கூடுதல். மூடியை அழுத்தியபோது தகடு டெர்மினலைத் தொட்டு, நீலப் பொறி பறந்தது. இப்போது பேட்டரியை கிளாம்ப் போட்டு இறுக்கி, டெர்மினல்களுக்கு ரப்பர் தொப்பியும், மூடியின் அடியில் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டிய ஒரு துண்டும் போட்டிருக்கிறேன். காலியான மறு குழியில் ஸ்பானர் பை கிடக்கிறது.