640 டாலர் போச்சு, பழைய டிராக் ரேஸ் டீக்கால் வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

மூணு நாளா தூக்கம் இல்ல, கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். நான் இருக்குறது கலிபோர்னியால. பொமோனாவுக்கு ஒரு தடவ ரேஸ் பாக்கப் போனதுல இருந்து அந்தக் காலத்து டிராக் ரேஸ் (நேர் ரோட்டுல ரெண்டு கார் யாரு முந்துறாங்கனு ஓட்டுறது) டீக்கால் மேல ஆசை. தண்ணில ஊறவச்சா பேப்பர்ல இருந்து வழுக்கி வருமே, கார் கண்ணாடில ஒட்டுறது, அது. ரொம்ப நாளா தேடுனது லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்போடது. லாங் பீச் பக்கம் 1955ல தொறந்து 1972 டிசம்பர்ல மூடுன ரேஸ் மைதானம், ஆரம்பத்துல கார் ரேஸர் மிக்கி தாம்ப்சன் தான் நடத்துனாரு.

பழைய பொருள் ஏலம் விடுற ஒரு ஆன்லைன் தளத்துல "1957, ஒட்டாதது, கவரோட" அப்படினு ஒண்ணு வந்துச்சு. மெசேஜ் போட்டேன், அந்த ஆளே ஃபோன் பண்ணாரு. அவங்க அப்பா சனிக்கிழமை ராத்திரி லயன்ஸ் கேட்டுல டிக்கெட் கிழிச்சாராம், செத்தப்புறம் செருப்பு டப்பால இது கெடச்சுதாம். சொல்லும்போது குரல் கம்முச்சு. எங்கப்பா போயி ஒரு வருஷம் தான் ஆகுது, அதுக்கு மேல என்னால எதையும் கேக்க முடியல. வீடியோவும் அனுப்புனாரு, அன்னைக்கு ராத்திரியே 640 டாலர் கட்டிட்டேன்.

பார்சல் வந்துச்சு. பத்து மடங்கு லென்ஸ் வச்சுப் பாத்தா சிவப்பு கலர் முழுக்க புள்ளி புள்ளியா இருக்கு, மஞ்சளும் ரோஸும் கலந்து. அந்தக் காலத்து டீக்கால் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்ட், அப்படினா நம்ம கல்யாணப் பத்திரிகை மாதிரி மை திட்டமா, தடவுனா ஓரம் தட்டுப்படணும். இது வீட்டு பிரிண்டர்ல அடிச்சது. அதவிட கொடுமை கவர். விலாசத்துல கலிபோர்னியாக்குப் பக்கத்துலயே அஞ்சு நம்பர் ஜிப் கோடு (நம்ம பின்கோடு மாதிரி) அச்சடிச்சிருக்கு! ஜிப் கோடு வந்ததே 1963 ஜூலைல, அதுக்கு முன்னாடி பெரிய ஊருக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு நம்பர்ல ஸோன் போடுவாங்க. வீடியோவ மறுபடி போட்டுப் பாத்தேன், கவரக் காட்டுற நேரம் பூரா அந்த ஆளோட கட்டைவிரல் சரியா அந்த எடத்துல தான் இருக்கு.

கேட்டா "அப்பா கவர பின்னாடி மாத்தியிருப்பாரு"ங்கறான். புள்ளி பத்திக் கேட்டா பதிலே இல்ல, அடுத்த நாள் "ரிட்டர்ன் கெடையாதுனு போட்டிருக்கேன்ல"னு ஒரு வரி. தளத்துக்கு எழுதுனா பொருளோட வயசு விக்கிறவர் கருத்தாம், அதுல தலையிட மாட்டாங்களாம். லென்ஸ்ல எடுத்த ஃபோட்டோவோட திரும்ப எழுதுனேன், அதே பதில், கீழ பேர் மட்டும் வேற. 640 டாலர்ங்க, எட்டு மாசமா ஒதுக்கி வச்ச காசு.

விவரமா கைடு மாதிரி எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்ப முடியல. ஜிப் கோடு இருந்தா 63க்கு முன்னாடினு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. முன்பக்கம், பின்பக்கம், கவர், நாலு மூலையும் விரல் மறைக்காம ஃபோட்டோ கேளுங்க, கிட்ட எடுத்தது ஒண்ணும் கேளுங்க. பேப்பர உரிச்சு ஒட்டுற ஸ்டிக்கர 50ஸ்னு சொன்னாலும் உஷார், அந்தக் காலத்து ரேஸ் டீக்கால் பெரும்பாலும் தண்ணில ஊறவச்சு ஒட்டுறது தான். அப்பா கத சொன்னா ஃபோன வச்சுட்டு ஒரு நாள் கழிச்சு காசு கட்டுங்க.

கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டிருக்கேன். அந்த ஆளு நேத்து அதே டீக்கால இன்னொண்ணு ஏலத்துக்கு விட்டிருக்கான், அதே செருப்பு டப்பா கதையோட.