இங்க்ஜெட்டா, லேசரா? மழைக்கால மும்பையில் வீட்டு டீகால்

எங்கள் வீட்டு கொலுவில் படிகளுக்குக் கீழே ஒரு சின்ன ஊர் உண்டு. ஸ்டேஷன், வடாபாவ் கடை, கடுகு முளைத்த பார்க் எல்லாம் இருக்கும். மாட்டுங்கா வீட்டுக் கொலுவில் மும்பை இல்லாமல் எப்படி? 1937-லிருந்து இங்கே ஓடிய டபுள் டெக்கர்களில் கடைசி டீசல் வண்டிகள் 2023-ல் ஓய்வு பெற்றதும் அம்மா சொல்லிவிட்டாள்: "நம்ம கொலுலயாவது ஒண்ணு ஓடட்டும்டா."

சரி என்று 1:76 அளவில் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி, பெஸ்ட் (மும்பையின் நகர பஸ் நிறுவனம்) பஸ் ஒன்று செய்ய உட்கார்ந்தேன். உடம்பு ஒரு வாரத்தில் வந்துவிட்டது, சிவப்பும் அடித்தாயிற்று. எழுத்துதான் வம்பு பண்ணியது. முன்னால் தேவநாகரி எண், பக்கத்தில் ஆங்கில எண், பெஸ்ட் முத்திரை, கீழே பொடிப்பொடியாக என்னென்னவோ. நிஜ பஸ்ஸில் 5 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து இதில் 0.66 மில்லிமீட்டர், கடுகைவிடச் சின்னது. கையால் எழுதுகிற வேலை இல்லை, கடையில் இந்த வண்டிக்கு டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம், விற்கிறவரும் இல்லை. வீட்டில் அச்சடித்துத்தான் ஆக வேண்டும்.

அன்று ஆரம்பித்த இங்க்ஜெட்டா லேசரா வழக்கு போன கொலுவில்தான் முடிந்தது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மும்பையில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வேலை செய்கிறவர் என்றால் லேசர்தான். இரண்டு பஸ், ஒரு ரயில் என்ஜின், இவ்வளவுதான் என் மொத்த அனுபவம், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டீகால் என்றால் என்ன என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை, சின்ன வயதில் பபிள்கம் கவரில் வந்த டாட்டூவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள், அதன் மேல் தண்ணீரில் இளகும் பசை, அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம், அதன் மேல் நம் அச்சு. நனைத்தால் பசை விட்டுக்கொடுக்கும், படலம் அச்சோடு வழுக்கி வரும். படலம் நிறமில்லாததாகவும் கிடைக்கும், வெள்ளையாகவும் கிடைக்கும்.

விலையைப் பார்த்தால் இங்க்ஜெட் சுலபமாக ஜெயிக்கும். பாதி வீடுகளில் பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்டுக்காக ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நிறம் மெல்ல மாறிப்போகிற படங்கள், சாமி படம், முகம் இதெல்லாம் அதில்தான் அழகு, லேசரில் உற்றுப்பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கலர் லேசர் புதிதாக வாங்குவதென்றால் கை நடுங்கும். நான் லாமிங்டன் ரோட்டில் ஒரு பழைய மிஷினைப் பேரம் பேசி வாங்கி, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், தொடை இரண்டு நாள் வலித்தது. இன்னொன்று, வருஷத்துக்கு இரண்டு தடவை டீகால் போடுகிறவனுடைய இங்க்ஜெட், நடுவில் மை காய்ந்து மூக்கை அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்கிறேன் என்று அது குடிக்கிற மையில் பத்து பஸ் போடலாம். லேசரில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனரோ பொடி, ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் அப்படியே கிடக்கும்.

ஆனால் இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். என்னை மாற்றியது வார்னிஷ்.

இங்க்ஜெட் மை தண்ணீரைத் தாங்காது. டீகாலோ தண்ணீரில் போட்டே தீர வேண்டிய சமாச்சாரம். அதனால் அச்சடித்துக் காயவைத்து, மேலே அக்ரிலிக் வார்னிஷை ஸ்ப்ரே கேனால் மூன்று தடவையாவது மெலிதாக அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் ஒரு முழு நாள் விட்டுவிட்டுத்தான் நனைக்க முடியும். வெயில் காலத்தில் இது ஒரு வேலையே இல்லை. கொலு வருவதோ செப்டம்பர் கடைசி, அக்டோபர். வேலை நடப்பது மழையில், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்காத நாட்களில். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது, அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் வந்து படிந்து வார்னிஷுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. என் முதல் தாள் அடித்த பத்தாவது நிமிஷத்தில் மோர் ஊற்றினாற்போல வெளுத்துவிட்டது. இரண்டாவது தாளை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன், அம்மாவிடம் திட்டு வாங்கினேன், அதுவும் முழுசாகக் காயவில்லை. தண்ணீரில் போட்டதும் சிவப்பு மெதுவாகக் கசிந்து தட்டு முழுக்க ரோஸ்மில்க்.

சரி, ஏசி அறையில் அடித்துக் காயவைத்துவிட்டேன் என்றே வையுங்கள் (நாற்றத்துக்கு வீட்டில் இடம் கொடுத்தால்). அப்புறம்தான் உண்மையான சிக்கல் வருகிறது, இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. வார்னிஷ் மேல்பக்கத்தைத்தான் மூடுகிறது, கத்தரித்த விளிம்பை மூடாது. மை விளிம்பு வரை போயிருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து நிறத்தைக் கரைத்துவிடும். ஆகவே படத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெறும் படலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். நிறமில்லாத தாளில் போகட்டும் என்று விடலாம். ஆனால் என் பஸ் சிவப்பு, எழுத்து வெள்ளை. வீட்டுப் பிரிண்டர் எதிலும் வெள்ளை மை கிடையாது. வெள்ளை அடிக்கும் டோனர் மிஷின்கள் கடைக்காரர்களுக்கானவை, விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக வந்துவிட்டேன். ஆகவே வெள்ளைத் தாளை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டு சுற்றிலும் சிவப்பை அச்சடித்து, அந்தச் சிவப்பின் விளிம்பில் சரியாக வெட்ட வேண்டும். ஒரு மயிரிழை விட்டாலும் வெள்ளைக் கோடு தெரியும். இங்க்ஜெட்டோ விளிம்பு விட்டு வெட்டு என்கிறது, வெள்ளைத் தாளோ விளிம்பு விடாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் வீணாக்கிய தாள் ஏழு.

லேசரில் இந்தச் சண்டையே இல்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகித் தாளில் ஒட்டிவிடுகிறது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அச்சடித்து, வெட்டி, நேராகத் தண்ணீரில் போடலாம், வெளியே மழை கொட்டினாலும். மூன்று பூச்சு வார்னிஷ் இல்லாததால் படலமும் மெல்லிசாக இருக்கிறது, இந்த அளவு பஸ்ஸில் டீகாலின் விளிம்பு படிக்கட்டுபோலத் துருத்தாது. பொடி எழுத்தும் கூர்மையாக விழுகிறது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) மிஷினில் அந்த 0.66 மில்லிமீட்டருக்குப் பதினைந்து புள்ளிதான் கிடைக்கும், அந்தப் பதினைந்தும் இருந்த இடத்தில் இருக்கின்றன, மை ஊறிப் பரவுவதில்லை.

லேசரிலும் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. முதலாவது, தாள். இங்க்ஜெட் டீகால் தாளை லேசருக்குள் விட்டுவிடாதீர்கள், உள்ளே டோனரை உருக்கும் ரோலர் 180 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, படலம் உருகி அதில் சுற்றிக்கொள்ளும். ஒரு கடையில் "ரெண்டுக்கும் ஆகும்" என்று கொடுத்ததை நம்பி நண்பர் ஒருவர் போட்டார், ரோலரையே மாற்ற வேண்டி வந்தது. கவரில் லேசர் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். செட்டிங்கில் கனமான தாள் என்று வைத்து, கையால் ஒவ்வொன்றாக விடுங்கள். இரண்டாவது, டோனர் படலத்தின் மேலே உட்கார்ந்திருப்பதால் மடிந்தால் விரிசல் விடும், நகம் பட்டால் உரியும். பஸ்ஸின் தட்டைப் பக்கங்களில் தெரியவில்லை, ரயில் என்ஜினின் வளைந்த மூக்கில் தெரிந்தது, அங்கே தூரிகையால் சரிக்கட்டினேன். மூன்றாவது, நிறமில்லாத தாளில் அடித்த மஞ்சளும் சிவப்பும் கரும்பரப்பின் மேல் காணாமல் போய்விடும். இங்க்ஜெட்டிலும் அதே கதைதான், வெள்ளைத் தாள்தான் மருந்து.

நிறம் பொருத்துவதில் இரண்டும் சமமாகவே கழுத்தறுக்கும். திரையில் பார்க்கிற சிவப்பு அச்சில் வராது. நான் சாதாரணத் தாளில் இருபது சிவப்புக் கட்டங்களை அடித்து, எண் போட்டு, பஸ்ஸுக்கு அடித்த அதே பெயின்ட்டைப் பூசிய பிளாஸ்டிக் துண்டை ஜன்னலோரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். பதினான்காம் எண் கிட்டத்தட்டப் பொருந்தியது. டீகாலை பஸ்ஸின் தகடுகள் சேரும் கோட்டோடு கோடாக வெட்டினால் மிச்ச வித்தியாசத்தைக் கண் மன்னித்துவிடும். வெட்டிய வெள்ளை விளிம்பில் சிவப்பு மார்க்கரைப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும்.

ஒட்டுவது எதில் அடித்தாலும் ஒன்றுதான். பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும், மங்கலான பெயின்ட்டின் சொரசொரப்பில் காற்று மாட்டிக்கொண்டால் டீகாலுக்கு அடியில் வெள்ளி பூத்தது போலத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் வைத்து எடுத்து, டிஷ்யூ மேல் ஒரு நிமிஷம் விடுங்கள், தட்டிலேயே மிதக்கவிட்டால் பசை மொத்தமும் போய்விடும். ஈரத் தூரிகையால் தள்ளி இடத்தில் உட்காரவைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து வெளியே உருட்டி ஈரத்தை எடுங்கள். டீகாலை இளக்கும் திரவத்தைத் தடவினால் சுருங்கி வெற்றிலை வாடினாற்போல ஆகும், பதறாதீர்கள், தொடாதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும். தொட்டேன், ஒருமுறை, 'பெஸ்ட்' பாதியாகப் போனது. எல்லாம் ஒட்டிய பிறகு மேலே ஒரு காப்பு வார்னிஷ் லேசருக்கும் வேண்டும்தான், நகம் படுமே. ஆனால் அதற்கு ஒரு வெயில் நாள் கிடைக்கும் வரை காத்திருக்கலாம், அதுதான் வசதி. அடிக்கும்போது தூரத்திலிருந்து தூவல் மாதிரி அடியுங்கள், கனமாக அடித்தால் கரைப்பான் டோனரையே இளக்கும்.

இங்க்ஜெட்டை நான் தூக்கிப் போடவில்லை. அடுத்த வருஷம் ஸ்டேஷனுக்கு ஒரு விளம்பரப் பலகை வேண்டுமாம், பட்டுப்புடவை கட்டி ஒரு பெண் சிரிக்கிற மாதிரி. அந்த முகத்துக்கு லேசர் சரிப்படாது. அதை மட்டும் ஏப்ரலில் அடித்து, மொட்டை மாடியில் காயவைத்து, வார்னிஷோடு எடுத்து வைத்துவிடப் போகிறேன்.