ஓனோசாட்டோவா, ஹோஷோர்யூவா?

இருவருமே சுமோ மல்யுத்த வீரர்கள்; 2025-ல் சுமோவின் உச்சப் பட்டமான யோகொசுனாவை எட்டியவர்கள். வந்த வழிதான் வேறு. மங்கோலியரான ஹோஷோர்யூ, முன்னாள் யோகொசுனா அசாஷோர்யூவின் அண்ணன் மகன். 2018-ல் அடிமட்டத்தில் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஏறினார். ஓனோசாட்டோ அமெச்சூர் சாம்பியன் என்பதால் நேராக மேலிருந்து மூன்றாம் பிரிவில் இறங்கி, 13 தொடர்களிலேயே உச்சியைத் தொட்டுவிட்டார்.

ஹோஷோர்யூ சுமார் 150 கிலோ. காலை வாரிவிடுவதிலும், பெல்ட்டைப் பிடித்துச் சுழற்றி எறிவதிலும் கில்லாடி. பார்க்க இவர் ஆட்டம்தான் அழகு. ஓனோசாட்டோ 190 கிலோவை ஒட்டியவர். அவரது வலக்கை எதிராளியின் அக்குளுக்கடியில் நுழைந்துவிட்டால், அப்புறம் வளையத்துக்கு வெளியேதான். நெருக்கினால் மட்டும் பின்வாங்கி இழுப்பார். அங்கேதான் கோட்டை விடுகிறார்.

சரி, யார் நீடிப்பார்? யோகொசுனாவுக்குப் பதவியிறக்கம் கிடையாது, சறுக்கினால் ஓய்வுதான். ஹோஷோர்யூ யோகொசுனாவாக ஆடிய முதல் தொடரிலேயே பாதியில் விலகினார். என் கணிப்பு ஓனோசாட்டோ பக்கம்.