ஓப்ரா டின்: அறுபது பேர், மும்மூன்றாக விடை

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற துப்பறியும் வீடியோ கேம் 2016இல் டெமோவாகச் சுற்றியபோது அதில் துப்புத்துலக்க இருந்தவை சில சாவுகள்தான். 2018இல் வந்த முழு ஆட்டத்தில் 60 பேர். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேம் செய்த அதே லூகாஸ் போப்தான் நிரல், படம், இசை என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தனியாளாகச் செய்திருக்கிறார்.

1802இல் லண்டனிலிருந்து கிளம்பிய ஓப்ரா டின் என்ற வணிகக் கப்பல், 1807இல் ஆளில்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் காப்பீட்டுக் கணக்கு எழுத ஏறுபவர் நாம். பிணத்தருகே போய்ப் பைக்கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் செத்த நொடி சிலையாக உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் பெயர், சாவு விதம், கொன்றது யார் என்று நோட்டில் நிரப்ப வேண்டும்.

மூன்று பேரின் விடை முழுதாகச் சரியானால்தான் ஆட்டம் அதை அச்சிட்டு உறுதி செய்யும். ஒன்று தப்பினாலும் மௌனம்தான். குருட்டு யூகம் இதனால்தான் எடுபடுவதில்லை. ஆனால் ஓட்டை உண்டு: இரண்டு விடை நிச்சயமாகத் தெரிந்தால் அவற்றை எழுதி வைத்துக்கொண்டு மூன்றாவது பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடலாம். கடைசிப் பத்துப் பேர் மிஞ்சும்போது ஆடுபவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பொறுமை இருந்தால் செய்யாதீர்கள். துப்பு எல்லாமே கப்பலில் இருக்கிறது.

ஓர் உதாரணம் (சின்ன ஸ்பாய்லர்): நோய்கண்டு இறந்தவர் காட்சியில் மாலுமிகள் தூளிகளில் படுத்திருப்பார்கள். ஒவ்வொரு தூளியிலும் ஓர் எண். அது ஆட்பட்டியலில் உள்ள வரிசை எண். முகம் தெரியாத ஆளானாலும், போர்வைக்கு வெளியே நீட்டிய காலின் காலணியைப் பார்த்துக்கொண்டு வேறு காட்சியில் அதே காலணியைத் தேட வேண்டும். சீன மாலுமிகளைப் பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை.

நோட்டிலுள்ள படத்தில் ஒருவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால் அந்த ஆளை அடையாளம் காணப் போதுமான தகவல் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே மண்டையை உடைக்க வேண்டாம். படத்தின் கீழுள்ள முக்கோணங்கள் கடினத்தைச் சொல்லும்: ஒன்று சுலபம், மூன்று கடினம். ஒற்றை முக்கோணக்காரர்களை முதலில் முடித்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கும். சாவுக்கு முன் கேட்கும் பேச்சை ஹெட்போனில் கேளுங்கள். உச்சரிப்பே ஊரைச் சொல்லிவிடும், சப்டைட்டிலில் அது கிடையாது. தமிழ் மொழித் தேர்வும் இல்லை.

எரிச்சலூட்டும் விஷயங்கள் இரண்டு. ஒரு காட்சியை மறுபடி பார்க்க அந்தப் பிணம் கிடக்கும் இடத்துக்கே நடக்க வேண்டும். நோட்டிலிருந்து நேராகத் தாவ முடியாது. முதல் முறை நுழையும்போதோ இசை முடியும்வரை நோட்டைத் திறக்க விடுவதில்லை. ஒரு பிணத்துக்குள் இன்னொரு பிணம் என்று ஐந்தாறு காட்சி தொடரும் அத்தியாயங்களில் இது நிஜமாகவே இழுவை.

கறுப்பு வெள்ளைப் புள்ளிப் படம் கண்ணை உறுத்தினால் செட்டிங்ஸில் பழைய மானிட்டர் வண்ணங்கள் பல இருக்கின்றன, மாற்றிப் பாருங்கள். யூடியூப் வீடியோவைப் பார்த்து ‘இவ்வளவு மோசமா’ என்று நினைக்காதீர்கள். வீடியோ சுருக்கத்தில் அந்தப் புள்ளிகள் கலங்கிவிடும், திரையில் கூர்மையாகவே இருக்கும்.

கடைசியில், நம்மைக் கப்பலுக்குக் கொண்டுவந்த படகுக்காரர் மழை வருகிறது, கிளம்பலாம் என்று கூப்பிடுவார். கப்பலில் வைத்துத் தீர்க்கக்கூடிய 58 பேரையும் முடித்துவிட்டு இறங்குங்கள். மீதி இருவர் இருக்கும் அத்தியாயம் அப்போதுதான் கைக்கு வரும்.