காலுவா பன்றிக்கறி வீட்டில்: ஓவனா, ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா?

ஹவாயின் லூவாவ் விருந்தில் நடுநாயகம் காலுவா பன்றிக்கறிதான். முறைப்படி செய்ய இமு என்ற மண்குழி வெட்ட வேண்டும். கியாவே விறகில் எரிமலைக் கற்களைக் கனியச் சுட்டு, வாழை மரத்தைப் பிளந்து நசுக்கி மேலே பரப்பி, பன்றியை இறக்குவார்கள். கீ செடியின் இலை, வாழையிலை, ஈரச்சாக்கு என்று அடுக்கி, மண் தள்ளி மூடினால் திறக்க ஆறேழு மணி நேரமாவது ஆகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கறி உள்ளே போகும்போது தீ அநேகமாக அடங்கியிருக்கும். வேகவைப்பது கல்லின் சூடும் வாழையின் நீராவியும்தான். புகை லேசாகத்தான் பிடிக்கும். ஆகவே இது பார்பெக்யூ அல்ல. நீராவியை எது நன்றாக அடைக்கிறது, கறியின் சாறை எது நீர்த்துப்போகாமல் காக்கிறது என்பதை வைத்தே மூன்று வழிகளையும் எடைபோட வேண்டும்.

மூன்றுக்கும் பொது: எலும்போடு 2 கிலோ முன்தோள் கறி, 25 கிராம் கல்லுப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் லிக்விட் ஸ்மோக் (பாட்டிலில் விற்கும் புகைமணத் திரவம்). செம்மண் கலந்த அலாயா உப்பு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சாதாரணக் கடல் உப்பே போதும். உப்பை எடைபோட்டே எடுங்கள். கல்லுப்புக்குச் சொன்ன ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. லிக்விட் ஸ்மோக் இரண்டாவது ஸ்பூன் போனால் கசப்பு தட்டும். பூண்டு, மிளகு எதுவும் வேண்டாம். முதுகுக்கறி வாங்காதீர்கள், கொழுப்பு இல்லாமல் சக்கையாகிவிடும்.

ஓவன்தான் இமுவுக்கு மிக அருகில் வருகிறது. கறியை ஆங்காங்கே கத்தியால் குத்தி உப்பையும் ஸ்மோக்கையும் தேய்க்க வேண்டும். வாழையிலையைத் தணலில் வாட்டி, கொழுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளை இரண்டு சுற்று சுற்றவும். தட்டில் அரை கப் தண்ணீர் விட்டு, 160 டிகிரி செல்சியஸில் சுமார் ஐந்து மணி நேரம். தாளில் ஓரிடம் பிரிந்திருந்தாலும் ஆவி வெளியேறி, அந்தப் பக்கம் வரண்டு நார்நாராகும். உள்சூடு 85 டிகிரி வந்ததும் எடுத்துவிடுவது இன்னொரு தவறு. வெந்திருக்கும், ஆனால் பிய்க்க வராது; தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் முழுதாகக் கரைந்திருக்காது. சூட்டைக் கூட்டாமல் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். 95 டிகிரியில் எலும்பு தானாகக் கழன்று வரும்.

ஸ்லோ குக்கரில் வேலை குறைவு, ருசியும் ஒரு படி குறைவு. ‘லோ’வில் 10 முதல் 12 மணி நேரம், தண்ணீர் ஒரு சொட்டும் விட வேண்டாம், கறியே நிறையச் சாறு விடும். அந்தச் சாறிலேயே கறியை ஊற விட்டால் உப்பு கரைந்து சப்பென்று ஆகும். கறியை எடுத்துப் பிய்த்து, சாறைத் தனியே பாதியாகச் சுண்டவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பில் கொஞ்சத்தோடு கலந்துவிடுங்கள். நேரம் ரொம்பத் தாண்டினால் இழை போய்க் குழைந்துவிடும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு இறங்கி வேகும் நேரம் நீளும்.

பிரஷர் குக்கர் அவசரத்துக்கு. எலும்பு நீக்கி மூன்று நான்கு பெரிய துண்டாக்கி, ஒரு கப் தண்ணீர் விட்டு, மின்சாரக் குக்கரில் 90 நிமிடம். நம் விசில் குக்கரில் அழுத்தம் சற்று அதிகம் என்பதால் முதல் விசிலுக்குப் பின் சிம்மில் ஒரு மணி நேரம் போதும். அடிப்பிடிக்காமலிருக்க ஒன்றரைக் கப் தண்ணீர் விடவும், விசிலை எண்ண வேண்டாம். வாழையிலையை அடியில் மட்டும் விரியுங்கள், மேலே போட்டால் கிழிந்த துணுக்கு ஆவித் துளையை அடைக்கக்கூடும். ஆவியை உடனே திறந்துவிட்டால் கறிக்குள்ளிருக்கும் நீர் கொதித்து வெளியேறிக் கறி விறைக்கும். தானாக அடங்கட்டும். சாறைச் சுண்டவைக்கும் வேலை இங்கேயும் உண்டு.

பாட்டில் புகை பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: கியாவேயும் நம்மூர் சீமைக் கருவேலமும் ஒரே பேரினத்து மரங்கள். சீமைக் கருவேலக் கரியை ஒருபுறம் கனியவிட்டு, மறுபுறம் கறியை வைத்து மூடி முக்கால் மணி நேரம் புகை காட்டிவிட்டு, பிறகு இலையில் சுற்றி ஓவனில் வையுங்கள்.

லாவ்லாவ் செய்வதென்றால் தீர்ப்பு மாறும். பன்றிக்கறியையும் உப்பு மீனையும் சேம்பிலையில் பொதிந்து வேகவைப்பது அது. இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அரைவேக்காட்டில் தொண்டையை அரித்தெடுக்கும். ஆவிப்பானையில் நான்கு மணி நேரம், நடுவில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷர் குக்கரில் ஒன்றரை மணி நேரத்தில் இலை குழைந்துவிடும். இங்கே ஓவன் போட்டியிலேயே இல்லை.

விருந்தினர் வருகிறார்களென்றால் ஓவன், வேலைநாளென்றால் பிரஷர் குக்கர். ஸ்லோ குக்கர் கறியை மறுநாள் முட்டைக்கோஸ் சேர்த்து வதக்கிச் சோற்றோடு சாப்பிடுவது ஹவாயில் வழக்கம். முதல் நாளைவிட அன்றுதான் அது எடுபடும்.