பழமையைப் புதிதாகப் பூசிய கோப்பிக் கடை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆர்மினியன் சாலையை ஒட்டிய அந்தக் கடைக்குச் சென்ற மாதம் இருமுறை போனேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, 2008இல் இந்நகர் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இத்தகைய கடைகள் இங்கே பெருகிவிட்டன. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. தட்டிப் பார்த்தால், அது செங்கல் படம் அச்சிட்ட தாள். விளம்பரத் தகடுகளின் துருவும் வண்ணப்பூச்சுதான்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981இல் வெளியிட்ட நூலில் பிம்பத்துக்கு நான்கு நிலைகளைச் சொல்கிறார்: முதலில் அது உண்மையைக் காட்டுகிறது, அடுத்து உண்மையைத் திரிக்கிறது, பின்னர் உண்மை இல்லாததை மறைக்கிறது, இறுதியில் எந்த உண்மையோடும் தொடர்பற்றுத் தனக்குத் தானே பிம்பமாகிவிடுகிறது. இக்கடை நான்காம் நிலையில் இருக்கிறது. எந்தக் கடையைப் பார்த்து இதை அமைத்தீர்கள் என்று கேட்டேன். பரிமாறிய இளைஞருக்குக் கேள்வியே புரியவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகனை மறுநாள் நான் நாற்பது ஆண்டுகளாகப் போய்வரும் கடைக்கு அழைத்துச் சென்றேன். பிளாஸ்டிக் நாற்காலி, குழல் விளக்கு, எப்போதோ ஒட்டிய வெள்ளை ஓடுகள், மூலையில் தொலைக்காட்சி. சுற்றிலும் பார்த்துவிட்டு, "மாமா, இது உண்மையான கோப்பித்தியாம் மாதிரி இல்லையே" என்றான். கோப்பித்தியாம் என்பது இங்குள்ள மரபான கோப்பிக் கடை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் எந்த அளவுகோலால் அளக்கிறான் என்பது முந்தைய நாளே தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அதைவிட வியப்பு, கல்லாவுக்கு மேலே புதிதாகத் தொங்கிய எனாமல் கெண்டி. பழையதை என்றோ தூக்கி எறிந்த கடைக்காரர், வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்று இதை விலைக்கு வாங்கி மாட்டியிருக்கிறாராம்.

புதுக் கடையின் கோப்பியைக் குறை சொல்ல முடியாது. சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையின் கசப்பு நாவில் நிற்கிறது, துணிப்பையில்தான் வடிக்கிறார்கள். ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால்-முட்டை ஜாமான காயா மட்டும் போத்தலிலிருந்து வருவது, இனிப்பு திகட்டுகிறது. ஒரு கோப்பி 7 வெள்ளி (ரிங்கிட்). பழைய கடையில் 2 வெள்ளி 20 காசு.

வார இறுதியில் பத்து மணிக்குள் போனால் இடம் கிடைக்கும். பின்கட்டு மேசையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தலைக்கு மேல் பழங்கால மின்விசிறி மெல்லச் சுழல்கிறது. காற்று வருவது மரச்சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவைத்த குளிர்சாதனக் கருவியிலிருந்து.