பரண் படிக்கட்டு போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்: 48,000 ரூபாய் போய்விட்டது

கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. கோவை பீளமேட்டில் கல்லூரி மாணவிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறேன். பழைய வீடு, கூரை 12 அடி. 7 அடி உயரத்தில் இரும்புப் பரண் அமைத்து மேலே படுக்கை, கீழே மேசை என்று ஏற்பாடு. ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம்) ஏழரை அங்குலம், மிதி (கால் வைக்கும் இடத்தின் ஆழம்) பத்து அங்குலம் என்று முறையாகப் படி கட்டினால் 9 அடித் தரை போய்விடும். அறையே 10 அடிதான். அதனால்தான் வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும் அரைப்படிகளைக் கேட்டேன். 4 அடிக்குள் அடங்கும், செங்குத்தாக இருந்தாலும் பாதம் முழுதாகப் பதியும்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி வழியாக ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, “முதல் படியில் எந்தக் கால் வைப்பார்கள் அம்மா, வலதா இடதா?” என்று கேட்டார். தொழில் தெரியாதவர் கேட்கிற கேள்வியா அது? அந்த ஒரு கேள்வியை நம்பித்தான் 48,000 ரூபாயையும் முன்பணமாகக் கட்டினேன்.

வந்து நின்றது சாதாரண ஏணிப்படி. அரைப்படி ஒன்றுகூட இல்லை. மிதி ஐந்தே அங்குலம். இறங்கும்போது குதிகால் மேல்படியில் இடிக்கிறது, முன்பாதம் அந்தரத்தில் நிற்கிறது. கடைசிப் படி மட்டும் பதினோரு அங்குல உயரம். வழுக்காத தகடு என்றார்கள், வழவழப்பான தகட்டில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கைப்பிடி ஒரு பக்கம்தான். முதலாமாண்டுப் பெண் ஒருத்தி அதில் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிக் கிடக்கிறாள். ஊரிலிருந்து பேசிய அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், “போகப் போகப் பழகிவிடும் அம்மா.” மறுபடி கூப்பிட்டால், “மாற்ற வேண்டுமென்றால் தனி பில்.” இப்போது எடுப்பதே இல்லை. செயலியில் புகார் கொடுத்தால், பட்டறையோடு பேசிக்கொள்ளுங்கள் என்று பதில் வருகிறது. அடுத்த நிமிடமே ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி. எது தீர்ந்தது? என் 48,000 ரூபாயா?

படி போடுகிறவர்கள் மிதி, ஏற்றம், கைப்பிடி எல்லாவற்றையும் அளவோடு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் முன்பு செய்த படியில் நீங்களே ஏறி இறங்கிப் பாருங்கள். பொருத்தி முடியும்வரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன்.